உன் வேலைக்கு நான் சொன்ன விலை

பாப்பா,

நேரில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன். உனக்குத் தெரியும். நீயும் அம்மாவும் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கக் கிள்ளானுக்குப் போயிருக்கிறீர்கள். வீட்டில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. வாசலில் பந்தல்காரர்கள் இறக்கிவிட்டுப் போன இரும்புக் கம்பிகள். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணமாகிப் புக்கிட் பெருந்துங்குக்குப் போய்விடுவாய். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் கேட்டாய். "இன்னொரு டிசைனர் கூப்பிட்டிருக்காருப்பா. பினாங்கு ஆளு. என்ன விலை சொல்லட்டும்?" நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நீ வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாய். நான் வேண்டுமென்றே மெதுவாகத் தண்ணீர் குடித்ததை நீ கவனித்திருப்பாய். அந்தக் கேள்விக்கான பதில் இந்தக் கடிதத்திலும் இல்லை. பதில் இல்லாத ஒருவன் என்ன பார்த்தான் என்பது மட்டும் இருக்கிறது.

உன் வேலை என்னவென்று புரிந்துகொள்ள எனக்கே நாளானது. வெப்சைட்டை உருவாக்குவது நீ அல்ல. டிசைனர் உருவாக்கி, காசு வாங்கிக்கொண்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அதன்பிறகுதான் கடைக்காரருக்கு ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. கடை மூடும் நேரம் மாறிவிட்டது. புது விலை வந்துவிட்டது. போன வருடத்துப் படம் இன்னும் இருக்கிறது. டிசைனருக்குப் போன் அடிக்கிறார். டிசைனர் எடுப்பதில்லை. "அவருக்குப் புதுசா கட்டத்தான் பிடிக்கும்பா. இந்த மாதிரி சின்னச் சின்ன மாத்தம்னா எரிச்சல். அந்த எரிச்சலத்தான் நான் வாங்கிக்கிறேன்" என்றாய். "எரிச்சல வாங்கிக்கிறதுக்குக் காசு குடுப்பாங்களா?" என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "எனக்கு யாரும் குடுக்கலியே. இருபத்தஞ்சு வருசமா வாங்கிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

விலை என்பது எனக்கு எப்போதும் வேறு எங்கோ இருந்து வருவது. செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடைக் கணக்கு எழுதும் கிராணியாக உட்கார்ந்திருக்கிறேன். செம்பனைக் குலைக்கு இன்று என்ன விலை என்று திரையில் வரும். லோரிக்காரர்கள் சன்னலில் தலையை நீட்டி, "இன்னிக்கு எவ்ளோ கிராணி?" என்பார்கள். வாசித்துச் சொல்வேன். கூடியிருந்தால் எனக்கு நன்றி. குறைந்திருந்தால் எனக்குத் திட்டு. நான் வாசிப்பவன் மட்டும். என் அப்பா ரப்பர் வெட்டிய காலத்திலும் கூலி மேலிருந்து வந்தது. பல்கலைக்கழகம் போனேன், புத்தகங்கள் படித்தேன், திரும்பி வந்து, ரப்பர் இருந்த இடத்தில் வந்த செம்பனைக்கு நடுவில் ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்தேன். நம் வீட்டில் தன் வேலைக்குத் தானே விலை சொன்ன முதல் ஆள் நீ. அது எனக்குப் பயமாக இருந்தது. பெருமை பிறகுதான் வந்தது. பயம் போன இடத்தில் வரவில்லை, பயத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் தாமான் குடியிருப்பில் வயரிங் வேலை செய்யும் அண்ணனிடம் எவ்வளவு என்று கேட்டால், "பாத்து குடுங்க" என்பார். கொடுத்ததை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கோயிலில் மேளம் அடிப்பவர்களும் அப்படித்தான். மாவு அரைத்துக் கொடுக்கும் அக்காவும் அப்படித்தான். அதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் அந்தப் பணத்தை எண்ணும்போது என்ன முகத்தோடு எண்ணுவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நீ சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் யோசித்தேன்.

முதலில் மணிக்கணக்கு என்றாய். இரண்டு வாரத்தில் நீயே அதை விட்டாய். "நான் வேகமா செய்யச் செய்ய எனக்குக் கம்மியா கிடைக்குதுப்பா. கத்துக்கிட்டதுக்கு ஃபைன் கட்டுற மாதிரி." பிறகு ஒரு திருத்தத்துக்கு இவ்வளவு என்று வைத்தாய். அது நியாயமாகத் தெரிந்தது. ஆனால் பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவுக் கடை முதலாளியான தவுக்கே, திருத்தத்துக்குக் காசு என்றதும் திருத்துவதையே நிறுத்திவிட்டார். நண்டு விலை ஏறியது. வெப்சைட்டில் பழைய விலை. சாப்பிட்டு முடித்தவர்கள் போனைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டார்கள். தவுக்கே உன்னிடம்தான் கோபப்பட்டார். அன்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "விலைய தப்பா வச்சா, ஆளுங்க தப்பா நடந்துக்குவாங்கப்பா. அவங்க மேல குத்தம் இல்ல."

கடைசியில் மாதக் கட்டணம். அதிலும் தொல்லை. ஒருவர் வருடம் முழுக்கக் கூப்பிட மாட்டார், பிறகு எதற்குக் கட்டினேன் என்பார். புஞ்சாக் ஆலாமில் டியூஷன் நடத்தும் அம்மையார் தினமும் கூப்பிடுவார். "வாத்தியார் படத்துல சிரிக்கலையாம். சிரிக்க வைங்கறாங்க. இது திருத்தத்துல வருமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டாய். "அதுக்குத் தனி சார்ஜ் போடு" என்றாள் அம்மா. எது உள்ளே, எது வெளியே என்று நீ பிரித்தது அன்றுதான். எழுத்து, படம், விலை, நேரம் எல்லாம் உள்ளே. புதுப் பக்கம் கட்டுவது வெளியே. மாதக் கட்டணம் எண்பது வெள்ளி. கடைக்காரருக்கு டிசைனர் தன் பெயரில் பில் அனுப்புவார், தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உனக்குத் தருவார். ஷா ஆலாமில் இருக்கும் டிசைனர் ரிட்சுவான் ஒத்துக்கொண்டார். அவருடைய கிளையன்ட் எல்லாரையும் உன்னிடம் தருவதாகச் சொன்னார். பாதிப்பேர் கல்யாணத் தொழில்காரர்கள். பந்தல், கேட்டரிங், போட்டோ, மேக்கப். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். கிளினிக்கில் நீ பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடுவதற்கு அது போதும் என்று கணக்குப் போட்டாய். கணக்கு சரியாக இருந்தது. நான் இரண்டு முறை பார்த்தேன்.

பிறகு உன் நிச்சயதார்த்தம்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. தட்டு மாற்றி முடிந்தது. ஆண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை தினேஷின் அப்பா என் தோளில் கை போட்டிருந்தார். நல்ல மனிதர். கை கனமான கை, கேட்டரிங்கில் அண்டா தூக்கித் தூக்கி. பக்கத்தில் நின்ற அவர் தங்கச்சி கேட்டார், "பொண்ணு என்ன வேலைங்க?" நான் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். சம்பந்தி தொடையைத் தட்டினார். "அட! நம்ம கேட்டரிங் வெப்சைட்ட பாத்தீங்களா சம்பந்தி? இன்னும் பழைய மெனுலா. அந்த ரிட்சுவான்கிட்ட மாத்துடான்னா, இனிமே மாசா மாசம் டுயிட்டு, காசு கட்டுங்க, யாரோ ஒரு பொண்ணு செய்வாங்கறான். எழுத்து மாத்துறதுக்கு மாசா மாசமா? நான் கேட்டேன், எழுத்துக்கு வயித்துப் பசியாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த யாரோ ஒரு பொண்ணு பட்டுச் சேலையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்துவிட்டது என்று உன் கழுத்து விறைத்ததைப் பார்த்தே தெரிந்தது. ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் நான் எதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த வட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. எது கேட்டாலும் தலையாட்டுவது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, உட்கார்ந்ததுமே தெரிந்துவிடுகிறது. "அதுக்கென்ன சம்பந்தி, நம்ம பிள்ளதானே, செஞ்சி குடுத்துடும்" என்றேன். குரல் நன்றாக வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியது குறைவு.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து வளையலைச் சரிசெய்தாய்.

மறுநாள் சம்பந்தி ரிட்சுவானுக்குப் போன் செய்து, மருமகளே செய்கிறாள், உன் எண்பது வெள்ளி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் பந்தல்காரரிடமும் போட்டோக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். அவர்கள் ரிட்சுவானைக் கேட்டார்கள், அவருக்கு இலவசம், எங்களுக்கு மட்டும் ஏன் காசு? ரிட்சுவான் உன்னிடம் கத்தவில்லை. அதுதான் மோசம். இதை முதலில் சரிசெய்துகொள், பிறகு மற்றவர்களைப் பற்றிப் பேசலாம் என்றார். நீ கிளினிக்கில் ராஜினாமா கொடுத்துவிட்டிருந்தாய். என் ஒரு வாக்கியம். வெப்சைட்டில் எழுத்தையாவது நீ மாற்றிவிடுவாய். வாய்வார்த்தையைத்தான் மாற்ற முடியவில்லை.

"நீங்க சொன்னத நீங்களே போய் மாத்திட்டு வாங்கப்பா" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போனேன். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டிச் செம்பனைக்கு நடுவில் கார் ஓட்டும்போது வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சம்பந்தி, அன்னிக்கு அவசரத்தில சொல்லிட்டேன். சம்பந்தி, பிள்ளைக்கு இதுதான் தொழில். காரில் எல்லாமே சரியாக வந்தது. சம்பந்தியின் கடைக்குப் பின்னால் பெரிய பெரிய அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நாற்காலி போட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார், "கல்யாணச் சாப்பாட்டப் பத்தி நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க சம்பந்தி. மண்டபத்துக்கு நீங்க குடுத்துட்டீங்க. சாப்பாடு முழுக்க என்னோடது. என் வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு நான் ஆக்கிப் போடுறதுக்குக் காசு வாங்குவேனா? வெக்கக்கேடு!"

அதற்குப் பிறகு எண்பது வெள்ளியை எங்கே வைப்பது? நீயே சொல். ஆயிரம் இலைக்குச் சோறு போடுகிறேன் என்று ஒரு மனிதர் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார். அவர் கஞ்சன் இல்லை. ஏமாற்றுக்காரர் இல்லை. சொந்தத்துக்குள் வேலைக்கு விலை கிடையாது என்று நிஜமாகவே நம்புகிறவர், அவர் வேலை உட்பட. அந்த நம்பிக்கையில்தான் நானும் வளர்ந்தேன். அது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவறு இல்லை என்று சொன்னால் உனக்குத் துரோகம். தேநீர் வந்தது. குடித்தேன். கிளம்பும்போது ஒரு பென்டிரைவைக் கையில் திணித்தார். "புது மெனு படமெல்லாம் இதுல இருக்கு. தீபாவளி பேக்கேஜும் போடச் சொல்லுங்க. மருமகளுக்குப் பிரியாணி வச்சிருக்கேன், மறக்காம எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும், "சொன்னீங்களா?" என்றாய்.

"பிரியாணி குடுத்தாரு" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மனுசன் ஒரு வேலைய வேணாங்கப் போனாரு, மூணு வேலைய வாங்கிட்டு வந்திருக்காரு. இவரப் போயி ஆலையில எப்படித்தான் எடை போட வச்சிருக்கானுங்களோ!" நீ சிரிக்க ஆரம்பித்தாய். நிறுத்த முடியாமல் சிரித்தாய். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிரியாணியை முழுவதும் சாப்பிட்டாய். நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னாய். பென்டிரைவை எடுத்து உன் மேசையில் வைத்தாய். அதைச் செருகவில்லை.

கூறைச் சேலை காட்ட சம்பந்தி வீட்டார் நம் வீட்டுக்கு வந்த அன்று நீயே பேசினாய். நான் எதிர்பார்க்கவில்லை. சேலையைத் தொட்டுப் பார்த்து, அழகா இருக்கு என்று சொல்லி, மடித்து வைத்துவிட்டு, அதே குரலில் சொன்னாய். "மாமா, ரிட்சுவான் சொன்ன அந்தப் பொண்ணு நான்தான். மாசம் எண்பது வெள்ளி. பில்லு அவர்தான் அனுப்புவாரு. நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன், வீட்டுல அதப் பத்திப் பேசவும் மாட்டேன். ஆனா நீங்க கட்டணும் மாமா. நீங்க கட்டலன்னா வேற யாரும் கட்ட மாட்டாங்க."

தினேஷ் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தி உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்பா என்பவன் ஒரு வார்த்தை சொல்லி இதைச் சரிசெய்வான் என்ற பார்வை. சின்னப் பிள்ளை, விளையாட்டாகச் சொல்கிறது, நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள் சம்பந்தி. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. நான் பேசவில்லை. உனக்காகப் பேசாமல் இருந்தேனா, பேசத் தெரியாமல் இருந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ பிறகு என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்பா" என்றாய். நான் வாங்கிக்கொண்டேன். அது எனக்கு உரியதா என்று தெரியாமலே வாங்கிக்கொண்டேன்.

"பாப்போம்லா" என்றார் சம்பந்தி. தட்டில் இருந்த பலகாரத்தைத் தொடவில்லை. போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ரிட்சுவான் உனக்குச் செய்தி அனுப்பினார். சம்பந்தியின் கேட்டரிங் பணம் கட்டிவிட்டது. பந்தல், போட்டோ எல்லாம் அடுத்த மாதத்திலிருந்து. நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். அன்று மதியமே வாட்ஸ்அப்பில் சம்பந்தியிடமிருந்து எனக்கு ஒரு கொட்டேஷன் வந்தது. கல்யாணச் சாப்பாடு. ஆயிரம் தலை. சோறு, சாம்பார், கோழி, பாயசம், பரிமாற ஆட்கள், பாத்திரம் கழுவக் கூலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. கீழே, நன்றி, மீண்டும் வருக.

அம்மா அழுதாள். "எண்பது வெள்ளிக்கு இப்படிப் பழி வாங்குவாங்களா? அந்த வீட்டுக்கா எம்பிள்ள போகப்போகுது?" என்றாள். நீ வரி வரியாகப் படித்தாய். "வெளி ஆளுக்குப் போடுற விலதாம்மா. கூட போடல" என்றாய். பிறகு என்னிடம் மெதுவாக, "நியாயம்தானேப்பா?" என்றாய். ஆம், நியாயம்தான். எண்பதும் நியாயம், இதுவும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன ஒன்று காணாமல் போயிருந்தது. அதை யார் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ விலை சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. ஆனாலும் அது காணாமல் போனது போனதுதான். விலை சொல்லும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போட முடியுமா? உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்.

நேற்றுச் சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். என் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுப்பது என்று நானும் அம்மாவும் முடிவுசெய்திருந்தோம். "கொட்டேஷன் பாத்தேன் சம்பந்தி. சரி. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அந்தப் பக்கம் அண்டா உருளும் ஓசை மட்டும்.

"கொறைச்சுக் கேக்க மாட்டீங்களா?" என்றார்.

குரல் உடைந்திருந்தது. அவர் அதற்காகத்தான் அனுப்பியிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்க வேண்டும், அவர் குறைக்க வேண்டும், நான் இன்னும் கேட்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட வேண்டும். எனக்கு அது வரவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். "சம்பந்தி, இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன். "பிள்ளைகிட்ட குடுங்க" என்றார்.

கொடுத்தேன். நீ வாசலுக்குப் போய்விட்டாய். சன்னல் வழியாக உன் முதுகு மட்டும் தெரிந்தது. "கோழிக்கு இந்த விலையா மாமா?" என்றது காதில் விழுந்தது. அவர் ஏதோ சொன்னார். நீ ஒரு எண் சொன்னாய். அவர் போனுக்கு வெளியே கேட்கிற மாதிரி கத்தினார். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னொரு எண் சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்திவிட்டாய். பேசிக்கொண்டே இருந்தாய். ஒரு கட்டத்தில் சிரித்தாயா அழுதாயா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தோள் அசைந்தது. நான் வெளியே வரலாமா என்று யோசித்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இருட்டும் முன் உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினாய். என்ன பேசினீர்கள், எப்படி முடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அது உனக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் இருக்கட்டும், பாப்பா. கட்ட வேண்டியதை மட்டும் சொல், கட்டிவிடுகிறேன்.

அப்பா